ஹெப்சிபாய் தைத்த பறவைகள்

வடக்கே பார்த்தால் மலையும் தெற்கே பார்த்தால் கடலும், எந்தப் பக்கம் பார்த்தாலும் எங்கேயோ ஒரு மழை கிளம்பி வருவதும் தெரிகிற கொல்லாவிளை என்ற ஊரில், ஹெப்சிபாயை அடக்கம் செய்து, வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் மிச்சக் கறியைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போன மறுநாள் காலையில், அவள் ஆயுள் முழுவதும் உட்கார்ந்து தைத்த பறவைகள் அத்தனையும் தலையணை உறைகளை விட்டு எழுந்து பறந்துவிட்டன.

முதலில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுப் பகவதியம்மாள். அவளும் ஹெப்சிபாயும் ஒரே வருஷத்தில் கொல்லாவிளைக்கு மருமகள்களாக வந்தவர்கள். ஒருத்தி கோயிலுக்கும் ஒருத்தி சர்ச்சுக்கும் போய்விட்டுத் திரும்புகிற வழியில் ஒருநாள் பேசிப் பழகி, அப்புறம் மீதி வழியெல்லாம் சேர்ந்தே நடந்தவர்கள். அன்றைக்குப் பகவதியம்மாள் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு, ஒரு தலையணையைப் பச்சைப்பிள்ளையைப் போல மார்போடு அணைத்தபடி வந்து, அடுக்களைப் புறத்தில் பெரிய பானைகளைத் தேய்த்துக்கொண்டிருந்த எமிலெட்டின் முன்னால் நின்றாள். எமிலெட் ஹெப்சிபாயின் ஒரே மருமகள். மாமியார் கண்ணை மூடிய நேரத்திலிருந்து வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டதில் அவளுக்கு அழக்கூட நேரம் கிடைத்திருக்கவில்லை.

"எட்டி எமிலெட்டு, இதப் பாரு. கொம்பு இருக்கு, இலை இருக்கு, குருவியக் காணல்ல."

எமிலெட் கரிக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள். வெள்ளைத் துணியில் பச்சைக் கொம்பு இருந்தது. அதன்மேல் இத்தனை வருஷமாக வாலைத் தூக்கிக்கொண்டு நின்ற வாலாட்டிக்குருவி இல்லை. அது நின்ற இடத்தில் ஊசி ஏறி இறங்கிய துளைகள் மட்டும் பொடிப்பொடியாகக் குருவி வடிவத்தில் இருந்தன.

"துவைச்சதுல போயிருக்குமோ?"

"துவைச்சா சாயம் போவும். குருவியா போவும்?"

அதற்குள் முற்றத்திலிருந்து எமிலெட்டின் கணவன் டென்னிசன் சத்தம் கொடுத்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஒருமுறை கம்பியை அண்ணாந்து பார்ப்பது அவருக்கு விடாத பழக்கம். "இஞ்ச வாருங்க ரெண்டுபேரும். அம்மைக்க பறவையெல்லாம் லைன்ல இருக்குவு."

இருந்தன. கிளிகளும் மைனாக்களும் மரங்கொத்திகளும் ஒற்றைக்கால் கொக்குகளும், கடவுள் படைக்க மறந்து ஹெப்சிபாய் மட்டும் படைத்த நீல மூக்குக் குருவிகளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு சர்ச் வளைவிலிருந்து ரேஷன் கடை வரைக்கும் கம்பி முழுக்க உட்கார்ந்திருந்தன. கூவவில்லை, கத்தவில்லை. துணிக்குள் நூலை இழுக்கும்போது கேட்கிற சர்க், சர்க் என்ற சத்தம்தான் அவற்றின் தொண்டையிலிருந்து வந்தது. ஊரே தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் கீழே இருந்து தெரிந்தது பறவைகளின் அடிவயிறு, அதாவது தையலின் பின்பக்கம்: முடிச்சுகளும், குறுக்கே தாண்டிப் போன இழைகளும், வெட்டாமல் விட்ட நூல்நுனிகளும். ஹெப்சிபாய் யாருக்கும் காட்டாத பக்கம். அவளுக்கு எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்தும் அரிசி புடைத்தும் பிற்பகல்களைக் கழித்த எமிலெட் ஒருத்திதான் அந்தப் பக்கத்தை இத்தனை காலமும் பார்த்துக்கொண்டிருந்தவள்.

ஹெப்சிபாயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நெட்டையான பொம்பளை. கட்டைக்குரல், பாடகர் குழுவில் பெண்கள் வரிசையில் நின்றுகொண்டு ஆண்களின் சுருதிக்குப் பாடுவாள். கிறிஸ்துமஸ் வந்தால் வண்ணத்தாள் வெட்டி ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் நட்சத்திரம் ஒட்டுவாள். ஓணம் வந்தால் பகவதியம்மாள் வீட்டு முற்றத்தில் பூக்களம் போட முதல் ஆளாகக் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள். பெருநாள் வந்தால் நூல்கடை மைமூன் வீட்டில் அரிசிமாவுப் பத்திரி பரத்துவதற்கு அவள்தான் போக வேண்டும். யாருக்காவது காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் செருப்பைப் போட மறந்து கஞ்சிப் பாத்திரத்தோடு கிளம்பிவிடுவாள். இதெல்லாம் போக மிச்சமிருந்த நேரம் முழுக்க வாசல் பலாமரத்தடியில் நாற்காலி போட்டு, மடியில் தையல் வளையத்தை வைத்துக்கொண்டு தலையணை உறைகளில் பறவை தைப்பாள். ஊரைவிட்டு யார் போனாலும், ஊருக்குப் புதிதாக யார் வந்தாலும் ஒரு பறவை. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு, நர்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு, வளைகுடாவுக்குப் போகிறவனுக்கு, புருஷனோடு ஒத்துப்போகாமல் பெட்டியோடு தாய்வீடு திரும்பியவளுக்கு. "தல சாய்க்கிற எடத்துல தெரிஞ்ச மொகம் ஒண்ணு இருக்கட்டு" என்பாள். அப்படித் தைத்துத் தைத்து, கொல்லாவிளையில் பறவையில்லாத தலையணை என்று ஒன்று கிடையாது என்கிற நிலைமை வந்துவிட்டது.

ஒரே ஒரு தலையணையைத் தவிர. அது எமிலெட்டுடையது.

அவள் கல்யாணமாகி வந்த வருஷம் ஹெப்சிபாயின் கையில் ஏற்கெனவே வேறு யாருக்கோ வாக்குக் கொடுத்த கிளி இருந்தது. அடுத்த வருஷம் வேறொரு மைனா. "உனக்குப் பொறவு தைக்கலாம் மக்ளே, நீ இஞ்சதானே இருக்க" என்று ஹெப்சிபாய் சொல்வாள். அதுவும் சரிதான் என்று எமிலெட் நினைத்துக்கொண்டாள். அந்தப் 'பொறவு' கடைசிவரை வரவில்லை.

கொல்லாவிளைக்காரர்கள் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர்கள். வந்தது வந்துவிட்டது, இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் பார்ப்பார்கள். மின்வாரியத்திலிருந்து வந்த ஆள் ஏணி வைத்து ஏறிப் பார்த்து, பருத்தி நூல்தான், ஷாக் அடிக்காது, லைனுக்கும் கேடில்லை என்று டென்னிசனிடம் சொல்லிவிட்டுக் கட்டன்சாயா குடித்துவிட்டுப் போனான். போதகர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பறவைகளைப் பற்றிய வசனமாகத் தேடி எடுத்தார். அதற்கென்றே வந்தது போல ஒரு செம்போத்து பிரசங்க மேடையின் விளிம்பில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டது. பறவைகள் எதையும் தின்னவில்லை. ஆனால் நூல்நுனி கண்ட இடத்தில் நின்று கொத்தின. பெண்கள் முந்தானைக் குஞ்சத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்கள். மைமூன் தன் கடையில் மிஞ்சிய துண்டு நூல்களை வாசல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். பறவைகள் அவற்றைக் கொத்திக் கொண்டுபோய் இறக்கையில் தேய்ந்த இடங்களைத் தாங்களே அடைத்துக்கொண்டன.

வெளியூர்களிலிருந்து போன் வந்தது. மும்பையிலிருந்து, மஸ்கட்டிலிருந்து, கோட்டயத்திலிருந்து. எல்லாருக்கும் ஒரே கேள்வி: "எங்க கிளி அங்க வந்துதா?" முதலில் வரவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. பெங்களூரில் இருந்த எமிலெட்டின் மகள் ஷெரின், தன் தலையணையிலிருந்து ஆந்தை போய்விட்டதென்று அழுதுகொண்டே கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அவள் வந்து இறங்கும்போது ஆந்தை அவளுக்கு முன்னால் வந்து பஸ் நிறுத்தத்தின் கூரையில் உட்கார்ந்திருந்தது. வளைகுடாப் பறவைகள் எல்லாவற்றுக்கும் கடைசியாக, வெயிலில் வெளிறி, இறக்கை மடிப்பெல்லாம் மணலாக வந்து சேர்ந்தன.

வந்தவை சும்மா உட்காரவுமில்லை. ஹெப்சிபாய் பிற்பகலில் எங்கெங்கே போவாளோ அங்கெல்லாம் போயின. இடுப்பு ஒடிந்து கிடந்த தங்கய்யன் வாத்தியாரின் ஜன்னலில் ஒரு கொக்கு போய் நின்றது. கொக்கைப் பார்க்கப் போனவர்கள் வாத்தியாரையும் பார்த்தார்கள், போனதுதான் போனோம் என்று அவருக்குக் கஞ்சியும் வைத்துக் கொடுத்தார்கள். ரூபனுக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணப் பரிசாகத் தைத்த இரண்டு மாடப்புறாக்கள் இருந்தன. அவர்கள் பிரிந்தபோது ஆளுக்கொரு தலையணையாகப் பங்கு பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள். புறாக்கள் இப்போது தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ரூபன் தினமும் சைக்கிளை நிறுத்தி அதைப் பார்த்துவிட்டுப் போவான். ஸ்டெல்லா அவன் போனபிறகு குடத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போவாள். இதை ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

எது யாருடையது என்று தெரிய வேண்டியவர்கள் எமிலெட்டிடம் வந்தார்கள். கீழேயிருந்து பார்த்தால் எல்லாம் முடிச்சுதானே. எமிலெட் கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்ப்பாள்.

"அந்தா, சிவப்பு முடிச்சு ஒண்ணு பெருசாத் தொங்குது பாருங்க, அது மைமூன் லாத்தாக்க மகனுக்க மீன்கொத்தி. அவன் சார்ஜாவுக்குக் கெளம்பின வாரம் தச்சது. நீங்க மரத்தடியில வந்து இருந்து அழுதிய. மாமி உங்களச் சிரிக்க வைக்கணும்னு அவனுக்கு மூக்கு எவ்வளவு நீளம்னு வெரலால காட்டினாவ. நீங்க சிரிச்சிய, மாமியும் சிரிச்சாவ, அந்தச் சிரிப்புல ஊசி எங்கேயோ போயி மீன்கொத்திக்கு மூக்கு ரெண்டு மடங்காப் போச்சு. பிரிச்சுத் தைக்கலாம்னு பாத்தா, மாட்டேன்னுட்டாவ. அவனுக்கு மூக்கு அப்படித்தான்னுட்டாவ."

மைமூன் அண்ணாந்தபடியே முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்கு ஓடியது. "அவளுக்கு அடங்காத குறும்பாக்கும்" என்றாள்.

இப்படி ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பிற்பகல் இருந்தது. எமிலெட் அவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னாள், கேட்க வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொன்னார்கள். செத்த வீட்டு முற்றத்தில் இப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் சிரிக்காதவர் யாரும் அங்கே இல்லை. எல்லாரும் போனபிறகு எமிலெட் முற்றத்தைக் கூட்டிவிட்டு உள்ளே போய்த் தன் வெறும் தலையணையில் தலைவைத்துப் படுப்பாள்.

ஒருநாள் கிணற்றடியில் பகவதியம்மாள் துணி அலசிக்கொண்டிருந்தபோது அவளுடைய வாலாட்டிக்குருவி பக்கத்தில் வந்து கல்லில் நின்றது. வேற்று ஆள் வீட்டுக் குருவியா, தன்னுடையதுதானே என்று அவளும் பேசிக்கொண்டே அலசினாள். வாளியிலிருந்து ஒரு வீச்சுத் தண்ணீர் அதன்மேல் தெறித்தது. அவ்வளவுதான். இறக்கை தொய்ந்து, வால் சரிந்து, கறுப்பும் வெளுப்பும் கலங்கி, கல்லின்மேல் ஒரு நனைந்த நூல்சிக்கு மட்டும் கிடந்தது.

பகவதியம்மாள் அதை உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்தாள். "ஹெப்சி ரெண்டாம் தடவ செத்த மாதிரி இருக்குட்டி" என்றாள்.

அன்றைக்குத்தான் எல்லாரும் மேற்கே பார்த்தார்கள். காற்று மாறியிருந்தது. இன்றோ நாளையோ சாரல் மழை பிடித்துவிடும், பிடித்தால் நாள்கணக்கில் விடாது. கம்பியில் இருக்கிற எதுவும் மிஞ்சாது.

சர்ச் வளாகத்தில் ஊர் கூடியது. ஆளுக்கொரு யோசனை. எல்லா வீட்டிலும் ஜன்னலைத் திறந்து தலையணை உறையை விரித்துக் காட்டலாம் என்றார்கள், காட்டினார்கள், பறவைகள் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. போதகர் மணியடிக்கச் சொன்னார்; மணி அடித்த நேரமெல்லாம் அவை ஒழுங்காக உட்கார்ந்து கேட்டன. சில பையன்கள் மீன்வலையோடு வந்தார்கள். "வல வீசினா நூலு அறுந்துபோவும், தொடாதீங்க" என்று எமிலெட் விரட்டினாள். யாரோ ஒருவர் போனில் ஹெப்சிபாய் பாடிய பாட்டு ஒன்று இருந்தது. போன கிறிஸ்துமஸுக்குப் பதிவு செய்தது. அதை ஒலிபெருக்கியில் போட்டார்கள். அந்தக் கட்டைக்குரல் தென்னந்தோப்புகளுக்கு மேலே போனதும் ஊரே அண்ணாந்து நின்றது. பறவைகள் எல்லாம் ஒன்றாகத் தலையைச் சாய்த்தன. பாட்டு முடிந்தது. ஒன்றும் இறங்கி வரவில்லை.

"அம்மைக்க சத்தத்துக்கே வரல்லேன்னா இனி என்ன செய்ய?" என்றார் டென்னிசன், வீட்டுக்குத் திரும்பி வரும்போது.

 எமிலெட் படல் பக்கத்தில் வந்ததும் நின்றாள். "எனக்குன்னு அதுல ஒண்ணுகூட இல்ல, பாத்தியளா?"

"எதுல?"

"அந்தக் கம்பியில. ஊருக்கெல்லாம் பறவை. சண்ட போட்டுட்டுப் போன அந்தப் பால்காரிக்குக்கூட ஒரு மைனா. எல்லாத்தையும் எனக்க முன்ன வச்சுத்தான் தச்சாவ. நூல் எடுத்துக் கொடுத்தேன், ஊசி கோத்துக் கொடுத்தேன், கண்ணு தெரியாமப் போனபொறவு எந்த எடத்துல குத்தணும்னு வெரல் வச்சுக் காட்டினேன். எனக்கு ஒண்ணு தைக்கத் தோணல்ல."

டென்னிசனுக்கு இது புதிது. இத்தனை வருஷமும் இது அவள் மனதில் இருந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. "கேட்டிருக்கலாமே நீ" என்றார்.

"கேட்டு வாங்குகதுக்கா?"

  அவர் அவள் கையைப் பிடித்தார், அவள் பிடிக்கவிட்டாள், பிறகு அடுப்பில் உலை வைக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பிற்பகல். பலாமரத்தடியில் நல்லமிளகைப் பாயில் காயப்போட்டுவிட்டு, எமிலெட் அடுக்களையில் பேத்திக்குக் கூவரகுக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று வெளிச்சம் மங்கியது. ஓட்டு இடுக்கு வழியாக மண்வாசனை வந்தது. மேற்குப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களின் மேல் மழை விழுகிற இரைச்சல் ஒரு பெரிய கூட்டம் நடந்து வருகிற மாதிரி நெருங்கி வந்தது. எமிலெட் கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில், யோசிக்காமல், நெஞ்சிலிருந்து எடுத்துக் கத்தினாள்:

"மாமி! மழ வருது, உள்ள வாங்க!"

கத்திய பிறகுதான் மரத்தடி அவள் கண்ணில் பட்டது. நாற்காலி இல்லை. நாற்காலியில் இருக்க வேண்டியவளும் இல்லை. மிளகுப்பாய் மட்டும் கிடந்தது.

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து போன மாதம் வரைக்கும், மழை வந்த ஒவ்வொரு பிற்பகலும் எமிலெட் அதே வாசலில் நின்று அதே மாதிரி கத்தியிருக்கிறாள். ஒரு தடவையும் ஹெப்சிபாய் முதல் சத்தத்துக்கு எழுந்ததில்லை. காது கேட்காதது போல வளையத்தின் மேல் குனிந்தபடியே, "இந்தக் கண்ணு மட்டும் முடிஞ்சிரட்டு" என்பாள். எமிலெட் கோபத்தோடு இரண்டாவது தடவை கத்த வேண்டும். அப்புறம் ஓடிப்போய் வளையத்தைப் பிடுங்கி, பாதி தைத்த பறவையைச் சேலைக்குள் பொத்தி, மாமியாரைத் தோளோடு அணைத்து உள்ளே இழுத்துக்கொண்டு வர வேண்டும். இரண்டு பேரும் வாசல்படியில் நின்று, நனைந்த தலையோடு ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கொண்டு சிரிப்பார்கள்.

எமிலெட் வாசலில் அப்படியே நின்றாள். முற்றத்திலிருந்த டென்னிசனும், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஷெரினும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தெருவில் போய்க்கொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். அப்போது டென்னிசன் மெதுவாகக் கையை உயர்த்திக் கம்பியைக் காட்டினார்.

பறவைகள் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. ஆனால் அத்தனையும் தலையைக் குனிந்துகொண்டிருந்தன, காது கேட்காதது போல, ஏதோ ஒரு சின்ன வேலை முடியவில்லை என்பது போல.

எமிலெட்டுக்கு அந்தக் குனிவு தெரியும்.  அழுகையும் கோபமும் ஒன்றாக ஏற, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ரேஷன் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி இரண்டாவது தடவை கத்தினாள்:

"இப்ப உள்ள வரப்போறியளா இல்லியா? நனஞ்சு காய்ச்சலு வந்தா நானாக்கும் பாக்கணும்! வாங்கன்னா வாங்க!"

கம்பி ஆடியது. சர்க், சர்க், சர்க் என்று ஆயிரம் ஊசிகள் ஒரே நேரத்தில் துணியில் இறங்கும் சத்தத்தோடு அத்தனை பறவைகளும் எழும்பின. சர்ச் வளைவிலிருந்து, ரேஷன் கடையிலிருந்து, தண்ணீர்த் தொட்டியிலிருந்து, வாத்தியார் வீட்டு ஜன்னலிலிருந்து, தெருவின்மேல் ஒரு பெரிய பூப்போட்ட போர்வையை யாரோ உதறி வீசியதைப் போல வந்தன. எமிலெட் இரண்டு கையாலும் சேலையை விரித்துப் பிடித்தாள். பாதிப் பறவைகள் அவள் சேலைக்குள் புகுந்தன, பாதி அவள் தோளுக்கு மேலேயும் தலைக்கு மேலேயும் வாசலுக்குள் நுழைந்தன. மீன்கொத்தியின் நீள மூக்கு அவள் கொண்டையில் சிக்கிக்கொண்டது. கடைசியாக வந்த கொக்கு வாசல்படியைத் தாண்டியதும் மழை ஓட்டின்மேல் கொட்டியது.

எமிலெட் வாசல்படியில் உட்கார்ந்து, மடி நிறையப் பறவைகளோடு, ஹெப்சிபாய் செத்ததற்கு அன்றைக்குத்தான் அழுதாள். அழுதுகொண்டே இருக்கும்போது மீன்கொத்தி கொண்டையிலிருந்து விடுபடப் பார்த்து மயிரைப் பிடித்து இழுத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மழையில் தலையில் முறத்தைப் போட்டுக்கொண்டு பகவதியம்மாள் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டுக்குள்ளே பார்த்தாள். மின்விசிறி இறக்கையில், திரைச்சீலைக் கம்பியில், கட்டில் விளிம்பில், ஷெரின் குழந்தையின் தொட்டில் கயிற்றில் எங்கும் பறவைகள்.

"அவளுக்க சத்தம் அதுகளுக்கு என்ன தெரியும்?" என்றாள் பகவதியம்மாள். "அவ தைக்கும்போ வாயத் தொறக்கது எப்பவாவது ஒருக்கா. நூலப் பல்லுல கடிச்சிட்டுல்லா இருப்பா. பேசினது முழுக்க நீயல்லவா. ஊர்க்கதை சொன்னது நீ, பேப்பர் வாசிச்சது நீ, ஏசினது நீ. ஒவ்வொண்ணும் இந்த உலகத்துல மொதல்ல கேட்ட சத்தம் உனக்க சத்தமாக்கும்."

எமிலெட் மூக்கை உறிஞ்சினாள். மடியிலிருந்த ஒரு நீல மூக்குக் குருவியின் தலையை விரலால் தடவினாள். அடியில் அந்தக் குருவிக்கு முடிச்சுகள் நெருக்கமாக இருந்தன. மாமியாருக்குக் கண் தெரியாமல் போனபிறகு இரண்டுபேர் விரலும் சேர்ந்து போட்ட முடிச்சுகள். பால்காரியின் மைனாவும் அங்கேதான் இருந்தது. அதன்மேல் அவளுக்கு இப்போது கோபம் வரவில்லை.

மழை நின்று பெய்தது. கொல்லாவிளைக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு தங்கள் தங்கள் பறவையைப் பார்க்க வந்தார்கள், பார்த்தவர்கள் மழை விடட்டும் என்று இருந்தார்கள், மழை விடவில்லை. எமிலெட் மரச்சீனிக் கிழங்கு அவித்தாள்; மைமூன் மீன்கறியோடு வந்தாள்; பகவதியம்மாள் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். தங்கய்யன் வாத்தியாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து கொக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ரூபன் ஒரு மூலையிலும் ஸ்டெல்லா ஒரு மூலையிலும் வந்து நின்றார்கள். மாடப்புறாக்கள் இரண்டும் நடு அறையில் ஜெபப் பாட்டுப் புத்தகங்கள் இருந்த அலமாரியின் மேல் உட்கார்ந்திருந்தன. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரே தட்டிலிருந்து கிழங்கு எடுத்துத் தின்றதை அவர்களைத் தவிர எல்லாரும் கவனித்தார்கள். போதகர் ஒரு பாட்டைத் தொடங்கினார். ஹெப்சிபாயின் கட்டைக்குரல் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. ஸ்டெல்லா அந்த இடத்தைப் பிடித்துப் பாடினாள். அவ்வளவு நன்றாக இல்லை. யாரும் குறை சொல்லவில்லை.

வெயில் வந்த காலையில் ஊர் முழுக்கத் துவைத்து மடித்த தலையணை உறைகளோடு வந்து பலாமரத்தடியில் நின்றது. எமிலெட் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டாள். பறவைகள் நிதானமாக வெளியே வந்து, விரித்துப் பிடித்த உறைகளின்மேல் இறங்கி, காலை ஊன்றி, இறக்கையை அடக்கி, தையலாயின. எல்லாம் பழைய இடத்துக்கே போகவில்லை. மைமூனுக்கு ஒரு கிளி வந்தது. மீன்கொத்தி சார்ஜா மகனுக்குப் பதிலாக வாத்தியாரிடம் போனது. மாடப்புறாக்கள் இரண்டும் ஸ்டெல்லாவின் உறையில் ஒரே கொம்பில் உட்கார்ந்துகொண்டன. அதனால் ரூபனுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். பகவதியம்மாள் தன் உறையை விரிக்கவில்லை. அந்த நூல்சிக்கை உலர்த்தி வெற்றிலைச் செல்லத்தில் வைத்திருந்தாள். வேறு குருவி வேண்டாம், இது போதும் என்றாள். வந்த பறவையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எமிலெட் உறை எதையும் விரிக்கவில்லை, அவளுக்கு அது நினைவும் வரவில்லை. யாருக்குக் காப்பி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷத்துக்குப் பிறகு கொல்லாவிளையில் ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. மழை வருகிறது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. முதலில் பார்க்கிறவர் யாராக இருந்தாலும், ரப்பர் பால் எடுக்கிறவனோ, சர்ச் மணி அடிக்கிறவரோ, ஹெப்சிபாயைப் பார்த்தே இராத புது மருமகளோ, கையை வாயருகில் குவித்து, "மாமி! மழ வருது, உள்ள வாங்க!" என்றுதான் கத்துவார்கள். கேட்டவர்கள் அடுத்த தெருவுக்குக் கத்துவார்கள். மழைக்கு முன்னால் அந்தச் சத்தம் ஊரைத் தாண்டிப் போய்விடும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் யார் அந்த மாமி என்று கேட்டால், உள்ளே வாருங்கள், நனையாதீர்கள், சொல்லுகிறோம் என்பார்கள்.

அடுத்த சாரல் காலத்தில் ஒரு பிற்பகல், எமிலெட் பலாமரத்தடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்திருந்த ஷெரினின் குழந்தை, நடக்கப் பழகிய கால்களோடு, உரித்த தோலை வாரி வாரி வீசிக்கொண்டிருந்தது. மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. எங்கேயோ தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது, அதைத் தெருமுனையில் ரூபன் வாங்கினான், அவனிடமிருந்து ஸ்டெல்லா வாங்கினாள், மைமூன் கடை வாசலுக்கு வந்து நின்று கத்தினாள்: "மாமி! மழ வருது, உள்ள வாங்க!"

எமிலெட் தலையைத் தூக்கவில்லை. "இந்தப் பூண்டு மட்டும் முடிஞ்சிரட்டு" என்றாள்.

ஊர் இரண்டாவது தடவை கத்தியது.